பலூனுக்குள் தமிழ்

தமிழ் காமிக்ஸில் நான் பார்த்த முதல் வேலை, அழிக்கும் வேலை. 1980-களின் பிற்பகுதி. சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தின் பிராசஸிங் பிரிவு. படம் வரையத் தெரியும் என்று சொல்லிச் சேர்ந்த என்னிடம் ஒரு மெல்லிய பிரஷ், ஓபேக் என்று சொல்லும் செம்பழுப்புக் குழம்பு, ஓர் ஊசி ஆகியவற்றைக் கொடுத்து லைட் டேபிள் முன்னால் உட்கார வைத்தார்கள். கண்ணாடிக்கு அடியில் டியூப் லைட் எரியும். மேலே வெளிநாட்டுச் சித்திரக் கதையின் நெகட்டிவ் விரித்திருக்கும்.

நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். வெள்ளை பலூன் கன்னங்கரேலென்று இருக்கும். அதற்குள் ஆங்கில எழுத்துகள் வெளிச்சமாகத் தெரியும். அந்த வெளிச்சத்தின்மேல் ஓபேக்கைத் தொட்டு வைத்து எழுத்தெழுத்தாக அடைக்க வேண்டும். பிறகு அதிலிருந்து பாசிட்டிவ் எடுத்து, வெறுமையாக நிற்கும் பலூனுக்குள் தமிழ் வசனம் உள்ள பிலிமை ஒட்டுவோம். சொல்வதற்கு எளிது. ஆனால் தமிழ் வசனம் அந்த பலூனுக்குள் அடங்காது. அப்போது பலூனைப் பெரிதாக்க வேண்டும். பலூனுக்குப் பக்கத்தில் இருக்கும் படத்தின்மேல் ஓபேக்கை ஓட்டினால் அந்த இடம் அச்சில் வெள்ளையாகிவிடும். பிறகு பிலிமைத் திருப்பிப் போட்டு, எமல்ஷன் பக்கத்தில் ஊசியால் கீறி, பலூனுக்குப் புதிய ஓரம் போட வேண்டும். கீறிய இடத்தில் வெளிச்சம் வரும். அச்சில் அது கறுப்புக் கோடாக விழும். அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது படம் இடவலம் மாறியிருக்கும் என்பதால், கைக்கு அது பழகவே சில காலம் பிடித்தது.

எங்கள் தலைமை ஆர்ட்டிஸ்டை எல்லோரும் அண்ணாச்சி என்போம். அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரே விதி: "மூஞ்சியையும் கையையும் தொடாதே தம்பி. மத்ததெல்லாம் நம்ம இடம்." அப்படி எங்கள் இடமாக்கிக்கொண்டவற்றில் மேகங்கள் உண்டு, கோபுர உச்சிகள் உண்டு, கப்பலின் பாய்மரங்கள் உண்டு. வாரப் பத்திரிகையின் பெரிய பக்கத்துக்கென்று வரைந்த கட்டங்களை வெட்டிச் சின்ன சைஸ் புத்தகத்துக்கு மாற்றும்போது ஓரங்களில் வெற்றிடம் விழும். அங்கே இருக்கும் சுவரை, புல்தரையை, மழையை அதே கைவாகில் நீட்டி வரைய வேண்டும். நான் வரையக் கற்றது அந்த ஓரங்களில்தான். இன்னொருவர் கோடு எங்கே நின்றதோ, அங்கிருந்து அதே கனத்தில், அதே வேகத்தில் தொடர வேண்டும். ஓவியக் கல்லூரியில் சேர முடியாமல் போன எனக்கு அதைவிடக் கடுமையான பாடம் வேறெங்கும் கிடைத்திருக்காது.

அந்த இன்னொருவர் யார் என்பது மட்டும் தெரியாது. பக்கத்தில் பெயர் இருக்காது. எங்கள் தலைமுறைக்குச் சித்திரக் கதை என்றாலே இரும்புக்கை மாயாவிதான். 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்தவர். மின்சாரம் பாய்ந்தால் அவர் உடம்பு முழுக்க மறைந்து, இரும்புக் கை மட்டும் காற்றில் தெரியும். அந்தக் கதை பிரிட்டனின் வேலியன்ட் வார இதழில் 1962-இல் தொடங்கியது என்பதும், அதை வரைந்தவர் பார்சிலோனாவில் பிறந்த ஹெசுஸ் பிளாஸ்கோ என்பதும் எனக்குப் பல வருடம் கழித்தே தெரிய வந்தன. பெயர் தெரியாமலே அவரிடம் நான் பாடம் படித்தேன். முகமே இல்லாத ஓர் ஆளை வாசகன் பின்தொடர வேண்டும். பயமா, கோபமா, தயக்கமா என்பதை ஒற்றைக் கை சொல்லியாக வேண்டும். பிளாஸ்கோ அந்தக் கையின் விரல்களை எப்படி மடக்குகிறார், கதவுப் பிடியை எந்த விரல் முதலில் தொடுகிறது, பின்னால் இருக்கும் கறுப்பை எந்த அளவுக்கு நிரப்புகிறார் என்று லைட் டேபிள் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே இருப்பேன். இன்றைக்கும் ஓர் ஆளை வரைந்து முடித்ததும் முகத்தை ஒரு தாளால் மூடிவிட்டு, கை மட்டும் என்ன சொல்கிறது என்று பார்க்கிறேன்.

தமிழ்நாட்டில் சித்திரக் கதை வாசகருக்கு ஒருநாளும் பஞ்சம் இருந்ததில்லை. தினத்தந்தியில் 1960-இல் தொடங்கிய கன்னித்தீவு, முடிவே வராத எதற்கும் உவமையாகப் பேச்சு வழக்கிலேயே நுழைந்துவிட்டது. 1984-இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் வந்தன. வாண்டுமாமா ஆசிரியராக இருந்த பூந்தளிரைப் பையன்கள் கை மாற்றிக் கை மாற்றிப் படித்தார்கள். பழைய புத்தகக் கடைகளில் காமிக்ஸுக்குத் தனி அடுக்கு இருந்தது. இத்தனை வாசகர்கள் இருந்தும், தமிழில் யோசித்துத் தமிழில் எழுதித் தமிழுக்கென்றே வரைந்த கதைகள் அந்தக் குவியலில் குறைவு. மொழிபெயர்த்து வெளியிட்டவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அவர்கள் இல்லையென்றால் எங்களில் பாதிப் பேர் பிரஷ்ஷையே தொட்டிருக்க மாட்டோம். புதிதாக ஒரு கதையை வரைய வைத்தால் ஓர் ஓவியருக்கு மாதக் கணக்கில் கூலி தர வேண்டும். ஆயத்தமாக இருக்கும் கதையை வாங்கி வசனத்தை மாற்றுவதில் அந்தச் செலவு இல்லை.

நம்மிடம் ஓவியர்களுக்கா குறை? கோபுலு ஒரு வசனமும் இல்லாமல் நான்கைந்து கட்டங்களில் ஒரு குடும்பத்தையே காட்டியவர். தில்லானா மோகனாம்பாளுக்கு அவர் போட்ட படங்களைப் பார்த்த பிறகு அந்தப் பாத்திரங்களை வேறு முகத்தோடு நினைக்க முடியாது. அம்புலிமாமாவில் விக்கிரமாதித்தன் தோளில் பிணத்தோடு நடக்கும் படத்தை வரைந்த சங்கர், 2020-இல் மறையும்வரை அந்த ஒரு படத்தாலேயே நாடெங்கும் அறியப்பட்டார். ஆனால் இவர்களைப் போன்றவர்களுக்குப் பத்திரிகைகள் கொடுத்த வேலை தொடர்கதைக்கு வாரம் ஒன்றிரண்டு படம். கதையைச் சொல்வது எழுத்தாளர். அதில் ஒரு நொடியை எடுத்துக் காட்டுவது ஓவியர். இரண்டும் ஒரே கையில் சேரும் வாய்ப்பு அன்று அபூர்வம். அது சேர்ந்திருந்தால் தமிழ் காமிக்ஸ் எங்கே போயிருக்கும் என்று இப்போதும் யோசிக்கிறேன்.

பலூனுக்குள் தமிழ் ஏன் அடங்கவில்லை என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வெளிநாட்டு ஓவியர் ஆங்கிலத்தை எல்லாம் தலைப்பெழுத்தில் எழுதுவார். எல்லா எழுத்தும் ஒரே உயரம். வரிக்கு வரி நெருக்கமாக அடுக்கிவிடலாம். நமக்கு அப்படி இல்லை. கி, லீ என்று மேலே ஏறும். மு, கூ என்று கீழே இறங்கும். மேல் வரியின் சுழியும் கீழ் வரியின் கொக்கியும் மோதாமல் இருக்க வரிகளுக்கு இடையே கூடுதல் இடம் விட்டாக வேண்டும். அகலமும் கூட. "போய்க்கொண்டிருக்கிறான்" என்று எழுதினால் அதுவே ஒரு பலூனை அடைத்துவிடும். இரண்டாக உடைத்தால் எந்த இடத்தில் உடைப்பது? கண் தடுக்கும். "போய்ட்டிருக்கான்" என்று பேச்சு வழக்கில் எழுதினால் இடமும் மிச்சம், ஆளும் உயிரோடு பேசுவான். ஆனால் அன்று சித்திரக் கதை வசனம் என்றால் மேடைத் தமிழ்தான் என்று இருந்தது. கொள்ளைக்காரனும் குதிரைக்காரனும் இலக்கணம் பிசகாமல் பேசினார்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தை உடைத்து இரண்டு கட்டத்தில் போட்டிருப்பார்கள். முதல் கட்டத்தில் செய்தி, இரண்டாவதில் காரணம். படமும் அந்த வரிசையில்தான் வரைந்திருக்கும். தமிழில் காரணம் முன்னால் வந்து நிற்கும். திடுக்கிடும் முகம் ஒரு கட்டம் முந்திவிடும். திடுக்கிட வைத்த சொல் ஒரு கட்டம் பிந்திவிடும். மொழிபெயர்ப்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், படத்தின் வரிசையை அவரால் மாற்ற முடியாதே. பலூன் ஓரத்தை ஊசியால் கீறிக் கீறி நான் புரிந்துகொண்டது இதுதான்: வசனம் படத்தின்மேல் ஒட்டும் லேபிள் இல்லை. எந்த மொழியில் ஆட்கள் பேசுகிறார்களோ அந்த மொழிதான் கட்டத்தின் அகலத்தையும், முகங்களின் வரிசையையும், பக்கத்தின் வேகத்தையும் முடிவு செய்கிறது. தமிழில் பேசும் கதையைத் தமிழுக்கென்று வரைய வேண்டும்.

அதற்காகவே இரவுகளில் சொந்தமாக வரைய ஆரம்பித்தேன். கரிசல் காட்டில் தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸுக்காக விடியுமுன் எழுந்து நிற்கும் பிள்ளைகளைப் பற்றிய கதை. முதலில் வசனத்தை மட்டும் எழுதி வாய்விட்டுப் படிப்பேன். பிறகு பழைய பில் தாள்களின் பின்பக்கத்தில் சின்னச் சின்ன ரஃப். பக்கத்துக்கு எத்தனை கட்டம், எந்தப் பக்கத்தைத் திருப்பும்போது என்ன தெரிய வேண்டும் என்பதெல்லாம் அங்கேயே முடிவாகிவிடும். அதன் பிறகுதான் ஐவரி போர்டு. அச்சில் வரும் அளவைவிட ஒன்றரை மடங்கு பெரிதாக வரைவோம். சுருக்கும்போது கையின் சிறு நடுக்கங்கள் மறைந்துவிடும். ஆனால் கோடுகளை நெருக்கிப் போட்டிருந்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டி மை அப்பியதுபோல் ஆகிவிடும். அதனால் பெரிதாக வரையும்போதே சிறிதாகத் தெரியப்போகும் படத்தைக் கண் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். ரஃப்பை இளநீலப் பென்சிலில் போடுவேன். அச்சகத்தின் லித் பிலிமுக்கு அந்த நீலம் தெரியாது என்பதால் மை போட்ட பிறகு அழிக்க வேண்டியதில்லை. பிராசஸிங் ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்த வித்தை அது.

மை போடும்போது நான் கடைப்பிடித்த வரிசை மற்றவர்களுக்கு விநோதமாகப் பட்டது. எல்லோரும் படத்தை முடித்துவிட்டு மிச்சம் இருக்கும் இடத்தில் எழுத்தைப் போடுவார்கள். நான் எழுத்தை முதலில் எழுதினேன். பட்டை நிப்பில் இந்திய மை தொட்டு, ஒவ்வொரு பலூனின் வசனத்தையும் எழுதி, அதைச் சுற்றி ஓரம் போட்டு, பிறகு எஞ்சிய இடத்தில் ஆட்களை நிறுத்தினேன். கிழவி மெதுவாகப் பேசினால் எழுத்தைத் தள்ளித் தள்ளி எழுதலாம். கங்காணி அதட்டினால் எழுத்து பலூனின் ஓரத்தை முட்டிக்கொண்டு நிற்கலாம். தூக்கக் கலக்கத்தில் பிள்ளை முனகினால் புள்ளிகள்கூடச் சாயலாம். கையெழுத்தில் இதெல்லாம் தானாக வரும். பேசுவதும் வரைவதும் ஒன்றுதான் என்ற எண்ணம் எனக்கு உறுதிப்பட்டது அந்தப் பக்கங்களில்.

முடித்த பக்கங்களை இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டி, ரிஜிஸ்டர் தபாலில் ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். அதன் பிறகு காத்திருப்பதுதான். கிடைத்ததா, பிடித்ததா, குப்பைக்குப் போனதா, ஒன்றும் தெரியாது. மாதங்கள் போய் ஒருநாள் டீக்கடையில் தொங்கிய இதழில் என் கதையைப் பார்த்தேன். நான் எழுதிய எழுத்துகளை நீக்கிவிட்டு அச்சு எழுத்தில் வசனத்தை ஒட்டியிருந்தார்கள். என் பெயர் எங்கேயும் இல்லை. மூலப் படங்கள் திரும்பி வரவில்லை. அன்றைய வழக்கம் அது. ஆனால் வேறொன்று வந்தது. பத்திரிகை அலுவலகத்துக்கு எழுதி, அவர்கள் எனக்குத் திருப்பிவிட்ட ஒரு தபால் அட்டை. விளாத்திகுளம் பக்கத்திலிருந்து ஒரு பையன் எழுதியிருந்தான். கதையில் பஸ்ஸைத் தவறவிடும் சிறுமி மறுநாள் வேலைக்குச் சேர்த்துக்கொள்ளப்பட்டாளா என்று கேட்டிருந்தான். அவன் கேட்டது ஓவியத்தைப் பற்றி இல்லை, கதையைப் பற்றி இல்லை, அந்தச் சிறுமியைப் பற்றி. அதற்குமேல் ஒரு சித்திரக் கதைக்காரனுக்கு என்ன வேண்டும்!

இன்று என் மேஜையில் ஐவரி போர்டு கிடையாது. 2015-இல் ஐபேட் புரோவும் ஆப்பிள் பென்சிலும் வந்த பிறகு, திரையின்மேலேயே நேராக வரைவது பரவலாகிவிட்டது. அந்த விலை கொடுக்க முடியாத மாணவர்கள் மலிவான டேப்ளட்டில் கிரிட்டா என்ற இலவச மென்பொருளைக் கொண்டு அதே தரத்தில் வரைகிறார்கள். ரஃப் ஒரு லேயர், மை ஒரு லேயர், எழுத்து ஒரு லேயர். தவறான கோட்டை ஒரு தட்டலில் எடுத்துவிடலாம். இதனால் கை கெட்டுப்போகும் என்று என் வயதுக்காரர்கள் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பிளேடால் சுரண்டிப் போஸ்டர் வெள்ளை பூசிக் காயவிட்ட நேரத்தில் எவ்வளவு வரைந்திருக்கலாம்! கையைக் கெடுப்பது பெரிதாக்கிப் பார்க்கும் வசதிதான். எட்டு மடங்கு பெரிதாக்கிக் கண் இமையின் ஒவ்வொரு முடியையும் வரைகிறார்கள். படிப்பவர் அதைக் கைபேசியில் உள்ளங்கை அகலத்தில் பார்க்கப்போகிறார். இதில் எங்கள் ஊர் லேபிள் ஓவியர்கள் கெட்டிக்காரர்கள். தீப்பெட்டியின் ஒரு பக்கத்துக்குள் ஒரு மயிலோ யானையோ கை நீட்டும் தூரத்திலிருந்து தெரிகிற மாதிரி வரைந்தவர்கள் அவர்கள். கைபேசிக்கு வரைபவர்கள் அந்தப் பழைய லேபிள்களை எடுத்துவைத்துப் பார்க்க வேண்டும் என்று நான் யாரிடமும் சொல்வேன்.

எழுத்து விஷயத்தில் புதிய காலம் நம்மை வெகுநாள் தவிக்கவிட்டது. யுனிகோடுக்கு மாறிய பிறகும் படம் வரையும் மென்பொருள்கள் பலவற்றில் தமிழை ஒட்டினால், எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நின்றது. "கொடு" என்பது கொம்பும் காலும் இடம் மாறிச் சிதைந்து வரும். அதனால் பலர் பழைய பாமினி எழுத்துருவையே விடாமல் வைத்திருந்தார்கள். இப்போது பெரும்பாலும் சரியாகிவிட்டது. ஏக் டைப் குழுவினரின் பலூ தம்பி போன்ற உருண்டையான, கனமான தமிழ் எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. தலைப்புக்கும் கூச்சலுக்கும் அவை நன்றாகவே பொருந்துகின்றன. ஆனாலும் காமிக்ஸில் மெல்லிய குரலுக்கும் முணுமுணுப்புக்கும் நான் இன்னும் கையால்தான் எழுதுகிறேன். டேப்ளட்டில் எழுதுவதும் கையெழுத்துதானே.

பகிர்வது பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு பக்கத்தை முடித்த ஒரு மணி நேரத்தில் அது டொரண்டோவிலும் யாழ்ப்பாணத்திலும் படிக்கப்படுகிறது. இதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவே முடியாது. இன்ஸ்டாகிராமில் 1080-க்கு 1350 பிக்சல் என்ற சட்டத்துக்குள் கதையைப் பிரிக்கிறோம். ஒரு பதிவில் 10 படம் என்றிருந்த வரம்பு 2024-இல் 20 ஆனது. அதற்கேற்ப என் கதைகளும் நீண்டன. விரலால் தள்ளிப் பார்ப்பது பக்கம் திருப்புவது போலவே வேலை செய்கிறது. திடுக்கிடும் கட்டத்தை அடுத்த படத்தில் மறைத்து வைக்கும் பழைய உத்தி அப்படியே பயன்படுகிறது. கொரியாவில் நேவர் நிறுவனம் 2004-இல் தொடங்கிய வெப்டூன் தளத்தில் எல்லாமே மேலிருந்து கீழே இறங்கும். அங்கே கட்டங்களுக்கு நடுவே விடும் வெற்று நீளம்தான் நேரம். ஒருவர் கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டுக் காத்திருப்பதை அந்த நீளத்தில் காட்டுவது போல அச்சுப் பக்கத்தில் காட்ட முடியாது.

பெயர் விஷயம்தான் மனதைத் தைக்கிறது. அன்று பெயர் அச்சாகவில்லை. இன்று நானே போடுகிறேன். அதை வெட்டிவிட்டுக் குழு குழுவாக அனுப்புகிறார்கள். என் படம் எனக்கே "அருமையான பதிவு" என்ற குறிப்போடு வந்து சேர்ந்திருக்கிறது. படம் போய்ச் சேர்வதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பிளாஸ்கோவின் பெயர் தெரியாமல் அவர் கோட்டை நீட்டி வளர்ந்த ஒருவனுக்கு, வரைந்தவர் பெயரைச் சொல்வது படிப்பவரின் கடமையாகவே படுகிறது. இப்போது ஓரத்தில் பெயர் போடுவதை விட்டுவிட்டு, படத்துக்குள்ளேயே, கடைப் பலகையிலோ வாசல் படியிலோ எழுதிவிடுகிறேன். வெட்டினால் கதையும் சேர்ந்து வெட்டுப்படும்.

அச்சும் மாறிவிட்டது. ஆப்செட்டில் ஆயிரம் பிரதியாவது போட்டால்தான் கட்டுப்படியாகும். டிஜிட்டல் அச்சில் நூறு பிரதி போடலாம். விற்றால் மறுபடி நூறு. 2012-இல் லயன் மறுபடி எழுந்து நின்றபோதும், 2022-இல் முத்து காமிக்ஸுக்கு ஐம்பது ஆண்டு நிறைந்தபோதும் நரைத்த தலைகள் சென்னைப் புத்தகக் காட்சியில் வரிசையில் நின்றார்கள். 2024-இல் சென்னைக்குக் காமிக் கான் முதன்முறையாக வந்தது. அங்கே சொந்தக் கதையைச் சொந்தக் காசில் அச்சடித்து மேஜை போட்டு விற்கிறார்கள் இருபது வயதுக்காரர்கள். எங்களுக்கு வாசகர் இருந்தார்கள், மேஜை இல்லை. இவர்களுக்கு மேஜை இருக்கிறது. ஆனால் அந்த மேஜைகளில் தமிழ்ப் புத்தகங்களைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

மதுரையில் ஒரு பயிற்சிப் பட்டறையில் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி தன் பக்கங்களைக் கொண்டுவந்தாள். பீடி சுற்றும் ஆச்சியைப் பற்றிய கதை. படங்களைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. மடியில் சுளகு. ஊறவைத்த இலையைத் தகடு வைத்துக் கத்தரிக்கும் கை, தூளை வைத்து உருட்டும் விரல், நுனியை மடக்கும் நகம், நூலைச் சுற்றிக் கட்டும் கட்டைவிரல் எல்லாம் கண்ணால் பார்த்து வரைந்தவை. ஆனால் வசனம் பொடி எழுத்தில் இருந்தது. பலூன்களுக்குள் தமிழைத் திணித்திருந்தாள். சில இடங்களில் பலூனை நீட்டி ஆச்சியின் தோளையே மறைத்திருந்தாள். பார்த்த மாத்திரத்தில் காரணம் தெரிந்துவிட்டது.

"முதல்ல இங்கிலீஷ்ல எழுதினியாம்மா?"

"ஆமா சார். இங்கிலீஷ்ல போட்டா நிறையப் பேர் பார்ப்பாங்க. அப்புறம் அதையே தமிழ்ல மாத்தினேன்."

"உங்க ஆச்சி என்ன பாஷையில பேசுவாங்க?"

சிரித்துவிட்டாள். லைட் டேபிள்மேல் ஒரு ஸ்பானியக்காரரின் மேகங்களை அழித்தபோது எனக்கு வேறு வழியில்லை. அந்தப் படம் நமக்கென்று வரைந்ததில்லை. இவள் தன் சொந்த ஆச்சியின் தோளைத் தானே அழித்துக்கொண்டிருந்தாள். எந்த அச்சகமும் இவளைக் கட்டாயப்படுத்தவில்லை. எனக்கு அது தாங்கவில்லை. அன்று மாலை முழுவதும் அந்த ஒரு பக்கத்தோடு உட்கார்ந்தோம்.

பக்கத்தின் மையம் இரண்டு கட்டங்கள். பேத்தி படித்து வேலைக்குப் போகும் நாளில் சுளகை இறக்கி வைத்துவிடுவேன் என்று ஆச்சி சொல்கிறாள். ஆங்கிலத்தில் சுளகை இறக்குவது முதலில் வந்திருந்தது. அதனால் முதல் கட்டத்தில் சுளகு, இரண்டாவதில் பேத்தியின் முகம். அதைத் தமிழாக்கியபோது, பேத்தியின் வேலையைப் பற்றிய பேச்சு சுளகுப் படத்தின்மேலும், சுளகைப் பற்றிய பேச்சு பேத்தியின் முகத்தின்மேலும் வந்து உட்கார்ந்திருந்தது. பட்டறை அறையில் அவளை அந்த வாக்கியத்தை ஆச்சி சொல்கிற மாதிரியே சொல்லச் சொன்னேன். தயங்கிவிட்டுச் சொன்னாள்: "நீ படிச்சு ஒரு வேலைக்குப் போயிட்டேன்னு வையி... அன்னைக்கு இந்தச் சொளவ எறக்கி வச்சிருவேன் பாத்துக்க." அந்த "வையி"க்குப் பிறகு ஆச்சி ஒரு நூலைப் பல்லால் அறுப்பாளாம். அந்த இடைவெளி அவள் வரைந்த பக்கத்தில் இல்லவே இல்லை.

இரண்டு கட்டம் மூன்றாயிற்று. முதலில் பேத்தியின் முகம், அதன்மேல் "வையி" வரைக்கும். நடுவில் வசனமே இல்லாத ஒரு குறுகலான கட்டம்: பல்லும் நூலும் மட்டும். மூன்றாவதில் சுளகு, விரல்கள், மீதி வாக்கியம். எழுத்தை அவள் கையாலேயே எழுதச் சொன்னேன். திரையில் பலூன்களை முதலில் போட்டு, அவற்றைச் சுற்றி ஆச்சியை மறுபடி உட்கார வைத்தாள். தோள் திரும்பி வந்தது. எழுத்து பொடியாக இருக்க வேண்டிய தேவையும் போய்விட்டது. எழுத்தின் அளவைப் பற்றி எங்களுக்குள் ஒரு வாதம் நடந்தது. கைபேசியில் படிக்க இன்னும் பெரிதாக வேண்டும் என்றாள். அச்சில் அது கத்துவது போல ஆகிவிடும் என்றேன். இரண்டுக்கும் தனித்தனியாக எழுதுவது என்று முடிவானது. அவளுக்குக் கூடுதல் வேலைதான், முகம் சுளிக்கவில்லை.

ஒரு பக்கம் கூடினால் கதை 24 பக்கம் வரும். நடுவில் பின் அடிக்கும் புத்தகம் என்பதால் நான்கின் மடங்கில் முடிய வேண்டும் என்று கடைசியில் ஒரு பக்கத்தைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். முதலில் நூறு பிரதி. ஆங்கிலப் பதிப்பும் உண்டு என்று பிடிவாதமாக இருக்கிறாள். அதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. அப்போது அந்த மூன்று கட்டத்தை மறுபடி மாற்ற வேண்டியிருக்குமே என்றேன்.

"எதுக்கு சார்? இங்கிலீஷ்லயும் வேலைக்குப் போறதை முதல்ல சொல்லி, சொளவைக் கடைசியா சொல்லலாம்ல. படம் இப்படியே இருக்கட்டும்."